பிறக்கும்போதே பழசான கிட்டார்

இந்தக் கிட்டாரின் மேல் பதினேழு தேய்மானங்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எண்ணினேன். பதிமூன்று, பழசாகத் தெரிய வேண்டும் என்று தொழிற்சாலையிலேயே போட்டவை. மீதி நான்குதான் மனிதக் கை பட்டு வந்தவை. எப்படிப் பிரித்தாய் என்று கேட்டால், அதுதான் என் பிழைப்பு. ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஆலையில், ஃபினிஷிங் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். புதுத் தோலைப் பழைய தோல் போலக் காட்டச் சொல்லியே வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வரும். அடியில் வெளிர் நிறம் கொடுத்து, மேலே அடர் நிறம் அடித்து, பிறகு மேல் நிறத்தை அங்கங்கே துணியால் தேய்த்து எடுப்போம். 'ஆன்ட்டிக்' என்று பெயர். காலையில் பிறந்த தோல் மாலையில் தாத்தாவாகி லாரி ஏறும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னங்க, 38 ஆயிரம் கொடுத்துக் கீறலா வாங்கி வந்தீர்கள்?" என்று கேட்டாள். "முப்பத்தொரு வருடம் நாம் சாப்பிட்டது அந்தக் கீறல் காசில்தானே" என்றேன். அதற்கு மேல் அவள் பேசவில்லை. ஆனால் வேலூர் சாய்நாதபுரத்தில் எங்கள் வீட்டுக்கு உறவினர் யார் வந்தாலும், "பார்த்து வாங்கியிருக்கலாம், கொஞ்சம் பழசு" என்று மட்டும் தவறாமல் சொல்லிவிடுகிறாள்.

தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. கைமாறி வந்த ஒற்றைக் கிட்டாரை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனத்தைப் புகழ்வதும் தூற்றுவதும் நியாயம் ஆகாது. முந்தைய சொந்தக்காரர் அதை எப்படி வைத்திருந்தார் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. எதைப் பார்த்துச் செய்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1930களில் கிப்சன் நிறுவனம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ நகரில் செய்த எல்-00 என்ற சின்ன உடல் கிட்டார்தான் இதற்கு முன்மாதிரி. அங்கே பெருமந்தம் வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. சிப்பி வேலை, பூவேலை எதுவும் இல்லாமல் விலையைக் குறைத்து விற்ற கிட்டார். இன்றைக்கு அதே எல்-00 அசல் ஒன்று வேண்டுமானால் லட்சக் கணக்கில் எண்ணி வைக்க வேண்டும். அதனால்தான் அதைப் போலவே செய்து, அதைப் போலவே தேய்த்தும் கொடுக்கிறார்கள்.

நூறே நூறுதான் செய்தார்களாம். ஒலித்துளை வழியாகப் பார்த்தால் உள்ளே ஒட்டிய சீட்டில் '100-ல் 41' என்று பேனாவால் எழுதியிருக்கிறது. இந்த எண்ணைக் காட்டிக் காட்பாடியில் ஒரு டீ கூட வாங்க முடியாது. நல்ல மரம் ஒரு குவியல் கிடைத்திருக்கும், அல்லது ஏதாவது ஒரு கடைக்காரர் நூறு கேட்டிருப்பார். வரையறுத்த பதிப்பு என்பதற்கு எங்கள் தொழிலிலும் அவ்வளவுதான் அர்த்தம்.

விற்றவர் விஐடியில் படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய நாகர்கோவில் பையன். மே மாதக் கடைசியில் காட்பாடிப் பக்கம் போனால் தெரியும்: ஏர் கூலர், மெத்தை, சைக்கிள், இண்டக்‌ஷன் அடுப்பு என்று எல்லாவற்றையும் மாணவர்கள் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு ரயில் ஏறுவார்கள். அந்தக் குவியலுக்கு நடுவில் இந்தக் கிட்டார் இருந்தது. மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட அறை. வெளியே 41 டிகிரி. உள்ளே அதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். பீரோவின் மேல், கூரையை ஒட்டினாற்போல் கிட்டார்ப் பெட்டி. எனக்கு அங்கேயே வயிற்றைக் கலக்கியது.

"சார், இந்தத் தேய்மானம் எல்லாம் நான் செய்ததில்லை. வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்றான்.

"தெரிகிறது தம்பி. நீங்கள் செய்தது எது என்பதும் தெரிகிறது."

பையன் முகம் மாறிவிட்டது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்வு வெளிச்சத்தில் காட்டினேன். கிட்டாரின் முகப்பலகை ஸ்ப்ரூஸ் மரம். அதில் மெல்லிய கோடுகள் நெடுக ஓடும். கோடு கடினம், கோட்டுக்கு இடைப்பட்ட மரம் மென்மை. நகமும் விரலும் வருடக் கணக்கில் பட்டால் மென்மையான பகுதிதான் முதலில் குழியும். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தால் நெளிதகரம் போல வரி வரியாகத் தட்டுப்படும். தொழிற்சாலைத் தேய்மானமோ உப்புத்தாளால் ஒரே அழுத்தத்தில் தேய்த்தது. கோடும் இடைவெளியும் சேர்ந்தே போயிருக்கும், கண்ணாடி போல வழுக்கும். அதன் மேல் அழுக்குப் போலத் தெரிய ஒரு பழுப்பு மையை வேறு தடவித் துடைத்திருக்கிறார்கள். துடைத்த கை வலக்கை என்பது வரை சொல்லலாம். எல்லா இடத்திலும் மை இடப்பக்க ஓரத்தில்தான் தேங்கி நிற்கிறது. எங்கள் ஆலையில் இப்படி ஒரு தோல் வந்தால் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இன்னொன்று. தொழிற்சாலைக்காரர்கள் கற்பனை செய்த பழைய வாத்தியக்காரர், கம்பியை மீட்டும் சின்னத் தகடான பிக்கை வைத்து ஆவேசமாக அடித்து வாசிப்பவர். ஒலித்துளைக்குக் கீழே பெரிய வெள்ளைத் திட்டு, முழங்கை படும் விளிம்பில் நீளமான சிராய்ப்பு. பையன் விரலால் மீட்டுபவன். முகப்பலகையில் ஒட்டிக் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டான பிரிட்ஜுக்குப் பக்கத்தில், சுண்டுவிரலை ஊன்றும் இடத்தில், கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு சின்னக் குழி இருந்தது. அங்கே வரி தட்டுப்பட்டது. கழுத்தின் பின்பக்கம், விரல் பலகையின் இரண்டாம் உலோகக் கட்டைக்கு, அதாவது ஃப்ரெட்டுக்கு, நேராக ஒரு பளபளப்பு. கட்டைவிரல் ஏறி இறங்கிய இடம். மற்ற இரண்டும் அவன் கவலைப்பட வேண்டியவை: முதுகில் சட்டைப் பொத்தான் போட்ட பள்ளம், பக்கவாட்டில் பிசுபிசுப்பான ஒரு கறுப்பு வடு.

அந்தக் கறுப்பு வடுவைப் பற்றி ஒரு வார்த்தை, இதுபோன்ற கிட்டார் வாங்குபவர்களுக்கு உதவும். மேற்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். 1930களில் அதுதான் வழக்கம். தோலுக்கும் நாங்கள் அடித்ததுதான். மெல்லியதாக இருக்கும், பார்வைக்கு அழகு, ஆனால் ரப்பரும் வினைலும் பட்டுக்கொண்டே இருந்தால் அவற்றில் இருக்கும் இளக்கிகள் லாக்கருக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். ஸ்டாண்டின் ரப்பர்க் கை செய்த வேலை இது. பருத்தித் துணியைச் சுற்றியிருந்தால் நடந்திருக்காது.

கடைசியாக ஒரு சோதனை. பாக்கெட்டில் இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து பிரிட்ஜின் பின் ஓரத்தில் செருகினேன். அரை சென்டிமீட்டர் உள்ளே போனது. பசை விட்டிருக்கிறது. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவையில் அந்தச் சின்ன மரத்துண்டைப் பிடித்து இழுக்கின்றன. ஓரம் விட்டால் முழுவதும் விட நாளாகாது. பையன் கேட்டது 45 ஆயிரம். டிக்கெட் செருகியபடியே நின்றதைப் பார்த்துவிட்டு அவனே 38 என்றான். பேரம் பேசும் வேலை எனக்கு மிச்சம். கம்பிகளைத் தளர்த்திவிட்டுத்தான் ஆட்டோ ஏற்றினேன்.

வேலூரில் ஒரு கடையில் காட்டினேன். உடனடிப் பசை இரண்டு சொட்டு விட்டுக் கல்லைத் தூக்கி வைத்தால் போதும் என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் சென்னைக்குப் போனேன். அங்கே வயலின், கிட்டார் பழுதுபார்ப்பவர் ஒருவர் பிரிட்ஜைச் சூடுகாட்டி முழுவதுமாகக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினார். அடுப்பில் அந்தக் கிண்ணம் ஏறியதும் வாடை வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அண்ணே?"

"ராணிப்பேட்டைக்காரனுக்கே வஜ்ஜிரத்தைக் காய்ச்சிக் காட்டுகிறீர்களே."

தோலில் சீவி எடுக்கும் சவ்வையும் துண்டுகளையும் காய்ச்சினால் வருவதுதான் அது. பழைய கிட்டார்களை அதால்தான் ஒட்டினார்கள். இந்தக் கிட்டாரையும் பழைய முறைப்படி அதாலேயே ஒட்டியதாகக் கூடவே வந்த அட்டையில் பெருமையாக அச்சிட்டிருக்கிறார்கள். நல்ல பசைதான். காய்ந்தால் கல். வேண்டும்போது சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும், அதனால் பழுது பார்ப்பது சுலபம். ஆனால் கலமசூவின் பனிக்கு ஏற்ற அதே பசை தகரக் கூரைக்குக் கீழே கத்திரி வெயிலில் எத்தனை நாள் தாங்கும்? பழமைக்கு விசுவாசமாக இருப்பது என்று முடிவெடுத்தால் பழமையின் பலவீனமும் சேர்ந்தேதான் வரும். பழுதுக்கு 3,500 ரூபாய். புதுக் கம்பி 900. ஆக மொத்தம் 42,400.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இது எப்படிப் பேசுகிறது?

நான் இருபத்தைந்து வருடமாக வைத்திருந்தது பெரிய உடல் கிட்டார், டிரெட்நாட் வகை. எங்கள் பாடகர் குழுவில் அதைத்தான் வாசித்தேன். அது நல்லதோ கெட்டதோ, எதை வாசித்தாலும் அடியில் ஒரு முழக்கம் தங்கும். அடுத்த சுரம் வந்த பிறகும் முந்தைய சுரம் போக மனமில்லாமல் வாசலில் நிற்கும். இந்தச் சின்னக் கிட்டார் அப்படி இல்லை. அகலமான இடத்தில் 14¾ அங்குலம். டிரெட்நாட்டைவிட ஓர் அங்குலம் கூடக் குறைவில்லை, ஆனால் இடுப்பு ஒடுக்கம், வயிறும் ஆழமில்லை. நாதம் உலர்ந்து வருகிறது. தட்டியதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அடங்கிவிடுகிறது. முதல் நாள் எனக்கு ஏமாற்றம்தான். மரப்பெட்டியைத் தட்டியது போல் இருக்கிறதே, இதற்கா 38 ஆயிரம் என்று படுத்துத் தூக்கம் வராமல் கிடந்தேன்.

தொரப்பாடியில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில்தான் புரிந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பதினைந்து பேர், ஒரு மின்விசிறி. ஒரு பாட்டி கீர்த்தனை எடுத்தார். எண்பதைத் தாண்டிய குரல். மூச்சு வாங்கும் இடங்களில் பாட்டு அறுந்து அறுந்து வரும். டிரெட்நாட்டை வாசித்திருந்தால் அந்தக் குரலை மூழ்கடித்திருப்பேன், பலமுறை மூழ்கடித்தும் இருக்கிறேன். இந்தக் கிட்டார் பாட்டியின் குரலுக்கு அடியில் ஒரு பாய் விரித்தது போல இருந்தது. அவர் மூச்சு வாங்கும்போது இதன் நடுக் கம்பிகள் கேட்டன. அவர் தொடங்கியதும் ஒதுங்கிக்கொண்டன. நான் எதுவும் செய்யவில்லை. அடங்கும் வேகம் அப்படி அமைந்திருக்கிறது. எங்கள் ஊர் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைத் தனியே கையில் எடுத்தால் காம்பு குத்தும். குழம்பில் விழுந்த பிறகுதான் அதன் மதிப்பு.

இதற்குக் காரணங்கள் இருக்கின்றன. முகப்பலகைக்கு அடியில் இரண்டு சட்டங்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கே போகின்றன. 1840களில் மார்ட்டின் நிறுவனத்தின் கிட்டார்களில் வந்த முறை அது. இன்று இரும்புக் கம்பிக் கிட்டார்களில் பெரும்பாலும் அதுதான். இதில் அந்தச் சட்டங்களை நடுநடுவே குழிவாகச் சீவி மெல்லியதாக்கியிருக்கிறார்கள். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சீவல் சுத்தம், பசை வழிந்த இடம் ஒன்றே ஒன்று. மேல் தேய்மானத்தைச் செய்தவரும் உள் சட்டத்தைச் சீவியவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்று சத்தியம் செய்வேன்.

முகப்பலகையை ஆக்சிஜன் இல்லாத உலையில் வறுத்திருக்கிறார்கள். மரத்தின் ஈரமும் பிசினும் போய்விடும், எடை குறையும், நிறம் பழுக்கும். பல பத்தாண்டுகள் கிடந்து உலர்ந்த மரத்தின் குணத்தைச் சீக்கிரம் வரவழைக்கும் வித்தை. வடாற்காடு மாவட்டத்தில் பிறந்தவனுக்குப் பச்சை வேர்க்கடலைக்கும் வறுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல் பூசிய பொய்யைவிட இந்தப் பொய் எனக்குப் பிடித்திருக்கிறது, காதில் விழுகிறது. முதுகும் பக்கங்களும் மகாகனி. விரல் பலகை ஈட்டி மரம், நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் அதே ஜாதி. 2017 தொடக்கத்தில் ஈட்டி வகை மரங்கள் அனைத்தையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். கிட்டார் ஏற்றுமதிக்கும் காகிதம் கேட்டார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல்தான் விலக்குக் கிடைத்தது.

கழுத்து 'வி' வடிவம். உள்ளங்கையில் ஒரு படகின் அடிப்பாகம் உட்கார்ந்தது போல் இருக்கும். இளைஞர்களுக்கு இது பிடிக்காது என்று நினைக்கிறேன். எனக்கோ இடது கட்டைவிரல் மூட்டில் வலி. கட்டைவிரலை மேலே மடித்து அந்த முகட்டில் சாய்த்துக்கொண்டால் ஒரு மணி நேரம் வாசிக்க முடிகிறது. கம்பியின் நீளமும் 24¾ அங்குலம்தான், டிரெட்நாட்டின் 25.4-ஐவிடக் குறைவு என்பதால் இழுவை சற்று இளகியிருக்கிறது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் நட்டின் அகலம் 1¾ அங்குலம், என் தடித்த விரல்களுக்குத் தாராளம்.

குறைகளுக்கு வருகிறேன். சுருதி ஏற்றும் சாவிகள் ஒரு பட்டையில் மூன்று மூன்றாக, பழைய பாணியில் இருக்கின்றன. பார்க்க லட்சணம், திருகினால் கரகரப்பு. மூன்றாம் கம்பி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கிறது. பெட்டியும் அட்டையால் செய்த பழைய பாணிப் பெட்டி. பூட்டு ஒன்று கையோடு வந்துவிட்டது. இந்த விலைக்கு இந்தப் பெட்டி கொடுத்தது கஞ்சத்தனம். ஒலிபெருக்கியோடு இணைக்கும் பிக்கப் கிடையாது. மைக் முன்னால் உட்கார்ந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

டிசம்பரில் கெரோல் ரவுண்ட்ஸுக்கு எடுத்துப்போனதுதான் நான் செய்த தப்பு. சத்துவாச்சாரியில் ஒரு தெருமுனை, இரவு பதினொரு மணி, முப்பது பேர், இரண்டு டிரம், கேக் சாப்பிட்ட உற்சாகம். நான் கம்பி அறுந்துவிடும் என்னும்படி அடித்தேன். பக்கத்தில் நின்ற என் தங்கை மகன், "மாமா, வாசிக்கிறீர்களா, சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டான். ஓங்கி அடித்தால் இதன் குரல் ஒரு எல்லையில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் சத்தம் கூடுவதில்லை, கலைகிறது. அடுத்த நாளே பழைய டிரெட்நாட்டைத் தூசி தட்டினேன். அடித்து வாசிப்பவர்களும் மேடையில் நிற்பவர்களும் இதை வாங்க வேண்டாம். தொழிற்சாலைக்காரர்கள் அதே ஆளின் தேய்மானத்தைத்தான் இதன் முகத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள் என்பது வேடிக்கை.

வேலூர் வெயிலில் இதை வைத்துக்கொள்ள ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறேன். காற்றில் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருந்தால் கிட்டாருக்கு நல்லது என்பது பொது விதி. எங்கள் ஊர் ஜூன் மாதம் அதைக் கேட்டால் சிரிக்கும். துளை போட்ட சோப்பு டப்பாவில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்துப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறேன், மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஐப்பசி அடைமழையில் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுச் சிலிக்கா ஜெல் பொட்டலம். அப்படியும் நவம்பரில் முகப்பலகை ஊதிக் கம்பி உயர்ந்துவிட்டது. கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராட்டைக் கால் சுற்று திருகிப் பார்த்தேன், பலன் இல்லை. முகப்பலகை தானே இறங்கும்வரை காத்திருந்தேன். தை பிறந்ததும் இறங்கியது. சென்னையில் ஒட்டிய பிரிட்ஜில் இன்றைக்கும் பஸ் டிக்கெட் நுழையவில்லை. மாதம் ஒருமுறை செருகிப் பார்க்கிறேன்.

42 ஆயிரத்துக்கு இது தகுமா? பழைய கிட்டார் போன்ற தோற்றத்துக்காக என்றால் தகாது, அந்த வேலை இரண்டாம் தரம். சின்ன அறையில் ஒற்றைக் குரலுக்குத் துணை வாசிக்க என்றால், இந்த விலையில் நான் கையில் எடுத்துப் பார்த்த எந்தக் கிட்டாரும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை. வாங்குவதாக இருந்தால் பெட்டி எங்கே இருந்தது என்று கேளுங்கள். பீரோவுக்கு மேல் என்றால் டிக்கெட்டோடு போங்கள்.

கழுத்தடியில், தோளில் போடும் பட்டையை மாட்ட ஆணி கிடையாது. அந்தக் காலத்தில் தலைப்பக்கம் கயிறு கட்டித்தான் மாட்டினார்களாம், இவர்களும் அப்படியே விட்டுவிட்டார்கள். லாக்கரில் துளை போட எனக்கு மனம் வரவில்லை. வினைல் பட்டை கூடாது என்பது தெரியும். ஆலையில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, தலைப்பக்கம் கட்ட மெல்லிய வாரும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். எந்த ஃபினிஷும் வேண்டாம், கடுக்காயும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடுக்காய் போடாத ஆவாரந்தோல் வெளிச்சம் படப் படச் சிவக்கும். மாட்டி ஒரு மாதம்தான் ஆகிறது. சட்டைக் காலர் மறைக்காத இடத்தில் மட்டும் லேசாக நிறம் ஏறியிருக்கிறது.